மல்லைக் குன்றில் மெல்ல நடக்க

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய நடைகளில் மாமல்லபுரத்துக் குன்றுக்கு ஈடாக எனக்கு வேறொன்று தோன்றுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். வருகிறவர்களில் பலர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு வண்டியேறிவிடுகிறார்கள். ஊருக்குள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் கருங்கல் குன்றோ, கால்நடையாக வருகிறவருக்கு மட்டுமே தன் அழகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறது.

அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெரும்பாறையிலிருந்து தொடங்கலாம். யானைகளின் பேருருவில் கண் நிலைத்துவிடும், அது இயல்புதான். ஆனால் அங்கேயே ஒரு மான் இருக்கிறது, தேடிப் பாருங்கள். கழுத்தை இதமாக வளைத்து, பின்னங்கால் குளம்பின் நுனியால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. தேவரும் முனிவரும் நாகரும் கூடி நிற்கும் மகா வைபவம் அது. இந்த மானுக்கோ அதில் ஒரு சிரத்தையும் இல்லை. அரிப்பு நீங்கும் சுகத்தில் உலகை மறந்திருக்கிறது. பாறை முழுவதும் பக்தியைச் செதுக்கிய கை, இந்தச் சின்னஞ்சிறு சுகத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதே! ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் மனசு எனக்கு இந்த மானில்தான் முழுதாகத் தெரிகிறது.

அடுத்தாற்போல் கிருஷ்ண மண்டபம். முன்னாலுள்ள தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்ந்தது. உள்ளே பாறையில் எழுந்திருப்பது பல்லவர் கை. கண்ணன் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்க, ஒருபுறம் ஆயன் ஒருவன் குந்தியபடி பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. அந்த நாக்கின் மென்மையைப் பாருங்கள். கன்று அருகில் இருந்தால்தான் மடி இளகும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்; இதைச் செதுக்கியவனுக்கும் தெரிந்திருக்கிறது. மலையே குடையாகிவிட்ட மழைநாளிலும் தொழுவத்தின் வேலை நிற்கவில்லை. அந்த நிம்மதிதான் கண்ணனின் பெருமையைச் சொல்கிறது.

இனி மேலே ஏறலாம். ஏற்றம் சிறியது, முழங்காலைச் சோதிக்காது. வழியில் பாறையின் மேல் வரிசையாகச் சிறு குழிகள் தென்படும். கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கக் குடைந்தவை. தாண்டிப் போய்விடாதீர்கள். பாதியில் நின்ற குடைவரைகளும் இங்கே உண்டு. முடிந்த சிற்பத்தில் மறைந்துவிடும் உழைப்பு, இவற்றில் உளிபட்ட தழும்போடு அப்படியே நிற்கிறது.

கலங்கரை விளக்கத்துக்கு அருகில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். இதில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு உலகங்கள். ஒரு சுவரில், சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு வில் வளைக்கும் துர்க்கை. மெல்லிய உடல், பதற்றமே இல்லாத முகம். எதிரே எருமைத் தலையன், கதையை இறுகப் பற்றியபடி பின்னுக்குச் சாய்கிறான். அந்தச் சாய்வு ஒன்றே போதும், போரின் முடிவு தெரிந்துவிடுகிறது. அவன் இன்னும் விழவில்லை, ஆனால் தோற்றுவிட்டான். திரும்பினால் மறுசுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். மது, கைடபர் காலடியில் கதையோடு நிற்க, நீண்ட திருமேனி அத்தனை தளர்வாக, அத்தனை அமைதியாகக் கிடக்கிறது. ஒரு சுவரில் முழு வேகம், மறுசுவரில் முழு ஓய்வு. நடுவில் நின்று இரண்டையும் மாறிமாறிப் பார்ப்பதில் உள்ள இன்பத்துக்கு அவசரமே ஆகாது.

இந்த மண்டபத்தின் தலைக்குமேல் பாறையில் நிற்பது ஒலக்கண்ணேசுவரர் கோயில். இப்போதைய கலங்கரை விளக்கம் வருமுன் கப்பல்களுக்கான விளக்கு இங்கேதான் எரிந்தது. அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடற்கரைக் கோயிலும் நீலக் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். நல்ல காற்று.

பத்து மணிக்குமேல் பாறை சுடும். விடியலில் புறப்பட்டு வாருங்கள், குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலை மாலையிலும் பார்க்கலாம். காலையைக் குன்றுக்குக் கொடுங்கள்.