காமிரா எந்த உயரத்தில் நிற்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், கொடிமரத்தின் அருகே காமிரா ஒன்றும் எழுந்து நிற்பது பல்லாண்டு வழக்கம். தொண்ணூறுகளில் கேபிள் தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்த நாள் முதல், உள்ளூர் அலைவரிசையில் ஓரிரு மணி நேரத்தைக் கேட்டுப் பெற்று, ஊதியம் கருதாத இளைஞர்கள் தாமே நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்கியிருக்கின்றனர். அவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு கேள்வியை எழுப்பும் கடமை நமக்கு உண்டு. அந்நிகழ்ச்சிகளில் ஊர் தெரிகிறதா, ஊரின் மேடை மட்டும் தெரிகிறதா?

பொதுமக்களே படைத்து வழங்கும் தொலைக்காட்சி என்னும் எண்ணம் மேலைநாட்டில் ஒரு மீனவத் தீவோடு தொடர்புடையது. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவு மக்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசு எண்ணியிருந்தது. அவ்வேளையில் அத்தீவினரின் பேச்சையும் வாழ்வையும் காலின் லோ என்னும் இயக்குநர் குறும்படங்களாக்கினார். படங்கள் முதலில் அம்மக்களுக்கே திரையிடப்பட்டன. பின்னர் அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டன. தம்மையே திரையில் கண்டவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர்; கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்; தீவிலேயே தங்கினர். அம்முயற்சியைத் தொடங்கிய கனடியத் திட்டத்தில் பின்னர்ப் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டோனி, அமெரிக்கா திரும்பிப் பொது அணுக்கத் தொலைக்காட்சிக்காக உழைத்தார். பெரிய கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கென ஓர் அலைவரிசையை ஒதுக்க வேண்டும் என 1972இல் அங்கு விதியே பிறந்தது. 1979இல் உச்சநீதிமன்றம் அவ்விதியை நீக்கிவிட்டது. எனினும் 1984ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சிகள் அத்தகைய அலைவரிசையைக் கோருவதற்கு இடமளித்தது.

நம் நாட்டின் நிலை வேறு. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டில் இயற்றப்பட்ட கேபிள் சட்டம் தூர்தர்ஷனுக்கு இடம் ஒதுக்கியதேயன்றி, ஊராருக்கென ஓர் அலைவரிசையை ஒதுக்கவில்லை. சமுதாய வானொலிக்கு 2002இல் கல்வி நிறுவனங்கள் வழியாகவும், 2006இல் தன்னார்வத் தொண்டு அமைப்புகள் வழியாகவும் கதவு திறந்தது. தொலைக்காட்சிக்கு அத்தகைய கதவு திறக்கவில்லை. எனவே நம் இளைஞர்கள் பெற்ற நேரம் உரிமையன்று. கேபிள் நடத்துநரின் நல்லெண்ணமே. அரிதாய்க் கிடைத்த அந்த நேரத்தை எதற்குச் செலவிட்டோம் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

இதை அளக்க ஓர் அளவுகோலைத் தெலங்கானாவின் சகீராபாத் அருகிலுள்ள பஸ்தாபூரில் காண்கிறோம். அங்கே டெக்கான் மேம்பாட்டுச் சங்கத்தைச் சார்ந்த தலித் உழவர் மகளிர், அவர்களுள் பள்ளி செல்லாதவர் பலர், தொண்ணூறுகளின் பிற்பாதியில் காமிராவைக் கையாளக் கற்றனர். கோணங்களுக்கு அவர்கள் தாமே பெயரிட்டனர். மேலிருந்து கீழே பார்த்தால் அது 'பட்டேல் காட்சி'. நிலக்கிழார் மக்களைப் பார்க்கும் பார்வை. கீழிருந்து மேலே பார்த்தால் 'அடிமைக் காட்சி'. கண்ணுக்குக் கண் நேராய்ப் பார்த்தால் 'சங்கக் காட்சி'. ஏனெனில் சங்கத்தில் யாவரும் தரையில் சமமாய் அமர்வர். திரைப்படக் கலை நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இம்மகளிர் தம் வாழ்விலிருந்தே சொல்லிவிட்டனர். வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி பயிரிட்டோரின் துயரை அவர்கள் பதிவு செய்த படங்கள் வெளிநாடுகளிலும் திரையிடப்பட்டன. 2008 அக்டோபரில் அவர்தம் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் உள்ளூர் நிகழ்ச்சிகளை அளந்து பார்ப்போம். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், நன்றியுரை: காமிரா அண்ணாந்தே நிற்கிறது. ஏழைகளுக்கு அரிசியும் சேலையும் வழங்கும் காட்சி வந்தால் அது சட்டென மேலேறிக் குனிந்து பார்க்கிறது. நீட்டிய கைகள் தெரிகின்றன, பெறுபவர் பெயர் சொல்லப்படுவதில்லை. பட்டேல் காட்சியும் அடிமைக் காட்சியும் உண்டு. சங்கக் காட்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

காட்டுவதற்குப் பொருள் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. காமயகவுண்டன்பட்டியையே எடுத்துக்கொள்வோம். விடுதலைப் போராட்டத்திற்குத் தியாகிகள் பலரை ஈந்த ஊர் அது. காந்திக்குக் கோயில் எழுப்பிய ஊர். அத்தியாகிகளின் குடும்பத்து முதியோர் நினைவில் இருப்பதைப் பதிவு செய்ய வெளியூரிலிருந்து எவர் வரப்போகிறார்? கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பயிரிடுவோரின் கடன், மருந்துச் செலவு, விலை ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டோமா? 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் தம் வயலுக்கு எப்போது வரும் என்று காத்திருப்போரிடம் பேசினோமா? எல்லாவற்றிற்கும் மேலாக, பொழுது புலருமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைப்பாதை வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்கள் இப்பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். திருவிழாத் தேரின் பின்னே நடக்கும் கூட்டத்தில் அவர்களும் இருக்கின்றனர். ஆயினும் பேசும் முகமாக அவர்களை நம் நிகழ்ச்சிகள் காட்டியது அரிது.

இன்று கைப்பேசியே காமிரா ஆகிவிட்டது. யூடியூபில் எவரும் ஏற்றலாம். பழைய உள்ளூர் அலைவரிசையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஏற்றுவது எளிதாயிற்று, உண்மையே. ஆனால் உலகம் பார்க்க ஏற்றுவது வேறு. ஊர் கூடிப் பார்த்துத் தன்னோடு தானே பேசிக்கொள்வது வேறு. கருவி மாறியபோது கோணம் தானாக மாறிவிடவில்லை. இன்றைய நேரலைகளிலும் மேடையையே காண்கிறோம்.

சமூகத் தொடர்பு பற்றி 1971இல் திருச்சபை வெளியிட்ட மேய்ப்புப்பணி ஏடு, மக்கள் வெறுமனே பெறுபவராய் இராமல் தொடர்பில் பங்கேற்பவராக வேண்டும் என்று வலியுறுத்தியது. அரைநூற்றாண்டு கடந்தும் அது நமக்குப் பாடமாகவே நிற்கிறது.

ஆகவே அடுத்த திருவிழாவிற்குக் காமிரா ஏந்தும் இளையோரிடம் ஒன்றை வேண்டுகிறோம். தேர்பவனியை எடுங்கள், அதுவும் ஊரின் மகிழ்ச்சியே. அதனோடு ஒரு மணி நேரத்தை ஜீப்பில் போய்வரும் பெண்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் அமரும் திண்ணையில் அவர்களுக்கு எதிரே அமர்ந்து, இசைவு கேட்டுப் பேச விடுங்கள். எடுத்த படத்தை முதலில் அவர்கள் தெருவிலேயே திரையிடுங்கள். பார்த்தபின் அவர்கள் சொல்லும் மறுமொழியையும், அது நம்மைப் பற்றிய குறையாகவே இருந்தாலும், வெட்டாமல் சேர்த்து ஒளிபரப்புங்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் காண நாம் காத்திருக்கிறோம்.