காருகுறிச்சியாரின் மூச்சுக் கணக்கு

கிரிக்கெட் ஓவரையும் கபடி ரெய்டையும் அலசுகிற பத்தியில் நாகஸ்வரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், ஒரு திருவிழா ராத்திரியில் சுவாமிக்கு முன்னால் போகிற நாகஸ்வரக்காரரோடு நான்கு வீதியும் நடந்து பார்க்கட்டும். கோபுர வாசலில் மல்லாரியோடு புறப்பட்டால் திரும்பி வந்து சேர வெகுநேரமாகும். வெடிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், காதருகில் தவில். இத்தனைக்கும் நடுவே நின்றும் நடந்தும் சுருதி பிசகாமல் ஊத வேண்டும். தவிலை விட்டுவிட்டால், நம் சங்கீதத்தில் உடம்பை இந்த அளவுக்குப் பிழிகிற வாத்தியம் வேறில்லை.

அந்த வாத்தியத்தில் பலத்தைக் காட்டியவர்கள் நிறையப் பேர். பலம் இருந்தும் அதைக் கட்டிப்போட்டு வாசித்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், காருகுறிச்சி அருணாசலத்தைத்தான் சொல்வேன்.

1921இல் பிறந்தார், 1964இல் போய்விட்டார். ஊர், திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரயிலில் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் வருகிற காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர்போன இடம். பக்கத்தில் பாய்க்குப் பேர்போன பத்தமடை. நாகஸ்வரம் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம்தான் என்று நினைத்த காலத்தில், தாமிரபரணிக் கரையிலிருந்து ஒருவர் கிளம்பி வந்தார். வந்து சேர்ந்த இடமும் லேசான இடமில்லை: திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

பிள்ளை அதற்குள் நாகஸ்வரச் சக்கரவர்த்தி. தோடி என்றாலே அவர்தான் என்று ஆகியிருந்தது. குட்டையான, கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கும் திமிரியை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்துக்குப் பலரையும் இழுத்தவரும் அவரே. பாரியில் விரல்களுக்கு இடையே இடைவெளி அதிகம், மூச்சும் அதிகம் கேட்கும். பதிலுக்கு ஒலியில் ஒரு கனம் கிடைக்கும். ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாவது நாகஸ்வரமாக உட்கார்ந்துதான் அருணாசலம் தேறினார். அந்த இருக்கையைவிடக் கடுமையான பயிற்சிக்களம் இருக்க முடியாது. பெரியவர் எந்த நொடியில் என்ன பிடிப்பார் என்று தெரியாது. பிடித்ததும் அதை வாங்கித் திருப்பித் தர வேண்டும். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் சங்கிலி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் ஆயிரம் பேர் முன்னால் தெரிந்துவிடும்.

வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். ஆச்சா மரத்தில் கடைந்த நீளக் குழல், அடியில் விரிந்த அணசு, மேலே கெண்டை, அதன் நுனியில் சீவாளி. நாணல் தட்டையில் செய்த இந்தச் சீவாளிதான் ராஜா. எச்சிலில் ஊறினால் ஒரு சுபாவம், காய்ந்தால் வேறு சுபாவம். மாற்றுச் சீவாளிகளும் அதைச் சரிசெய்யும் ஊசியும் குழலின் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். விரலுக்கு ஏழு துளைகள்தாம். ஆனால் ஒரு ராகத்துக்கு வேண்டிய நுணுக்கமெல்லாம் அந்த ஏழில் அடங்காது. துளையைப் பாதி மூடுவது, கால்வாசி திறப்பது, உதட்டால் சீவாளியை லேசாக நெருக்குவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு கமகம் பிறக்கும். இதில் பலமாக ஊதுவது சுலபம். மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும், ஒலி நடுங்கும். வேகத்தைக் குறைத்தாலும் ஸ்டம்பைக் குறி தப்பாத வேகப்பந்து வீச்சாளர் அபூர்வம் என்பதுபோல, ஒலியைக் குறைத்தும் சுருதியில் நிற்கிற நாகஸ்வரக்காரர் அபூர்வம்.

இதற்கு எல்லோர் வீட்டிலும் சாட்சி இருக்கிறது: 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ஆபேரிப் பாட்டு. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, குரல் எஸ். ஜானகி, நாகஸ்வரம் காருகுறிச்சி. திரையில் ஜெமினி கணேசன் கையில் வாத்தியம், சாவித்திரியின் வாயசைப்பு. பாட்டை ஏன் நிறுத்தினாய் என்று நாயகன் கேட்கிற அந்த வசனத்தை எத்தனையோ மேடைகளில் கிண்டலுக்குக்கூடப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்கள்.

அலசலுக்கு வருவோம். எதிரே நிற்பது ஒரு பெண் குரல். அதுவும் இழை மெலிந்த, கூர்மையான குரல். வீதியை நிரப்பப் பிறந்த வாத்தியம் அதோடு சரிக்குச் சரி பேச வேண்டும். ஒலிப்பதிவில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் முரட்டுத்தனத்தை எந்தக் கருவியும் குறைத்துத் தராது. காருகுறிச்சி இங்கே பெரும்பாலும் அகாரமாகவே ஊதுகிறார். நாக்கால் வெட்டி வெட்டி எடுக்கும் துத்துகாரத்தைத் தேவையான இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். ஆபேரி ஏறும்போது ரிஷபமும் தைவதமும் கிடையாது. ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலைப் படியேறுவதாகக் காட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சேருகிறார். காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டுக்கொண்டு அசைகிற அசைவில் தொண்டையின் ஈரம் இருக்கிறது.

பின்னால் சுரம் பாடுகிற கட்டத்தில் ஜானகி ஒரு வரிசை சொல்ல, நாகஸ்வரம் பதில் சொல்கிறது. போட்டி மாதிரிதான் தோன்றும். கவனித்தால், குரலின் நீளத்தையும் எடுப்பையும் வாத்தியம் அளந்து பின்தொடர்வது தெரியும். குரலை முந்தி அமுக்குவதற்கு வாய்ப்பு இருந்தும் அவர் அமுக்கவில்லை. இரண்டாவது நாகஸ்வரமாக உட்கார்ந்து கற்ற பாடம் இது என்பது என் கட்சி. முதல் நாற்காலியில் மட்டுமே உட்கார்ந்தவருக்கு இந்தப் பொறுமை வராது.

1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதுவும் அசாத்திய வாசிப்பு. ஆனால் அங்கே துணைக்கு நின்றவை நாட்டியமும் தவிலும். பேரொலியோடு பேரொலி. ‘கொஞ்சும் சலங்கை’யில் கேட்ட வேலை வேறு.

சினிமாப் பாட்டை வைத்து ஒரு வித்துவானை எடைபோடுவது நியாயமா என்று ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சில நிமிடப் பாட்டில் அவருடைய ராக ஆலாபனையின் நீளம் தெரியாது என்பது உண்மை. கச்சேரிப் பதிவுகளைக் கேட்டால், அவசரமில்லாமல் கீழ் ஸ்தாயியில் உலவி, ராகத்தை அடுக்கடுக்காக விரிக்கிற நிதானம் தெரியும். பிரயோகங்களில் குருவின் சாயல் நிறைய. ஆனால் குருவிடம் இருந்த காட்டாறு இவரிடம் இல்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ராகத்தில் ராஜரத்தினம் பிள்ளைக்கு ஒரு படி கீழே என்றுதான் நானும் வைப்பேன். பாட்டை வாசிக்கும்போது கேட்பவன் மனசில் வார்த்தை ஓடும்படி ஊதுவதில் சீடருக்கே முதலிடம்.

1956இல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தபின் அருணாசலத்துக்குக் கிடைத்தது ஏழெட்டு ஆண்டுகள்தான். ஒரு நாகஸ்வரக்காரருக்கு நாற்பதுகள் என்பது மூச்சும் முதிர்ச்சியும் சேர்ந்து நிற்கிற வயது. அந்த வாசலில் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் சிலை வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்த ஆபேரிக்குச் சீட்டு வராத நாளில்லை. வாசிப்பவர்களில் பலர் தொடக்க ஆலாபனையைச் சுருக்கி, கடைசிச் சுரங்களை இன்னும் வேகமாக ஊதிக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறார்கள். வேகம் பயிற்சியில் வந்துவிடும். இளைஞர்கள் கேட்டுப் பழக வேண்டியது அந்தத் தொடக்கத்தைத்தான். முக்கியமாக, அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று பிடித்துப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு இடங்கள் இன்னும் பிடிபடவில்லை.