பெருநாள் கதைகளில் பித்றா கொடுக்காத உம்மா

நோன்புப் பெருநாளையொட்டி நமது பத்திரிகைகளிலும் மலர்களிலும் வரும் சிறுகதைகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். பெரும்பாலானவற்றுக்குக் கரு ஒன்றுதான். வாப்பா இல்லாத வீடு. புது உடுப்பில்லாத பிள்ளை. தலைப்பிறை கண்ட இரவில் அழுதுகொண்டிருக்கும் உம்மா. கதவு தட்டப்படுகிறது. ஹாஜியார் பார்சலோடு நிற்கிறார். தக்பீர் முழக்கத்தோடு கதை முடிகிறது.

இக்கதைகளின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. அந்த வறுமையும் நாம் கண்ணால் காண்பதுதான். குறை பாத்திரப் படைப்பில் இருக்கிறது. கதாசிரியர் இந்த உம்மாவுக்குக் கொடுத்த வேலை இரண்டே: அழுவது, வாங்குவது.

மார்க்கம் அவளுக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஸதகத்துல் பித்ருக்கு ஸகாத்தைப் போல நிஸாப் எல்லை இல்லை. பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் வீட்டாரின் தேவை போக மிஞ்சியிருந்தால் ஏழையும் கொடுக்க வேண்டும். தலைக்கு ஒரு ஸாஉ. அரிசியென்றால் ஏறக்குறைய 2½ கிலோ. நோன்பின் கடைசி நாட்களில் நாலு வீட்டு அரிசி வந்து சேர்ந்த வீடுகளில், உம்மாமார் பிள்ளைகளின் தலையை எண்ணிச் சுண்டால் அளந்து பக்கத்து வளவுக்கு அனுப்புவதை ஊரில் யார்தான் காணவில்லை?

இப்படியான கதையொன்றை வகுப்பில் வாசித்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “எங்கட உம்மாவும் பித்றா கொடுப்பாதானே டீச்சர், அத ஏன் கதையில எழுதல்ல?” அவளுடைய வீடும் வாங்கும் வீடுதான். கதையில் தன் உம்மாவைத் தேடியிருக்கிறாள். அழுகிற ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறாள்.

இதனால் கதைக்கும் நட்டம். வந்த அரிசியில் எவ்வளவை வைப்பது, யாருக்கு அனுப்புவது, கேட்க வெட்கப்படும் வீடு எது என்று அந்த உம்மாவின் மனம் படும் பாடு நல்லதொரு சிறுகதைக்குப் போதும். ஹாஜியார் கதவைத் தட்டியதும் அதெல்லாம் அடிபட்டுப் போகிறது. முடிவும் அவர் கைக்குப் போய்விடுகிறது. வசதியுள்ள வாசகர் தம்மையே அவராக எண்ணிக்கொண்டு திருப்தியோடு மலரை மூடுகிறார்.

அடுத்த பெருநாளுக்குக் கதை எழுத உட்காருகிறவர்கள் ஹாஜியாரை ஒரு வருடம் அவர் வீட்டிலேயே வட்டிலப்பம் சாப்பிட விடட்டும். அந்த உம்மாவின் கையில் சுண்டைக் கொடுத்துப் பார்க்கட்டும்.