லூசியானாவின் மர வாத்து

மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானாவின் சதுப்புகளில், ஒரு காலத்தில் வாத்து வேட்டைக்காரர்கள் படகு நிறைய மர வாத்துகளை ஏற்றிச் சென்று நீரில் மிதக்கவிடுவார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் அவற்றைத் தம் கூட்டமென்று நம்பி இறங்கும்.

இவற்றைச் செதுக்க, அதே சதுப்பில் வளரும் சைப்ரஸ், டுபெலோ மரங்களின் வேர்க்கட்டையே பலருக்கும் பிடித்தமானதாக இருந்தது. எடை குறைவு என்பதால், ‘பிரோக்’ எனும் ஒடுங்கிய படகில் நிறைய அடுக்கலாம். கைக்கோடரியால் உடலைக் கொத்தி எடுத்து, தலையையும் அலகையும் கத்தியால் நுணுக்கமாகச் செதுக்குவார்கள். கழுத்தின் வளைவில்தான் தச்சனின் கண் தெரியும். விறைத்த கழுத்து, மிரண்ட பறவையின் கழுத்து. தளர்ந்து பின்சாய்ந்த தலையோ ‘இங்கே பயமில்லை’ என்று மேலே பறப்பவற்றுக்குச் சொல்லும். அடியில் பதித்த ஈயத்துண்டு வாத்தை நிமிர்ந்து மிதக்கவைக்கும். கயிற்றில் தொங்கும் எடை அதை அலையில் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

காட்டு வாத்துகளைச் சுட்டுச் சந்தையில் விற்பதை 1918ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து ஈர்ப்பதற்கு 1935இல் தடை வந்தது. மர வாத்துக்கு முடிவு கட்டியதோ மலிவான பிளாஸ்டிக். மிஞ்சியவை இன்று சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. தேய்ந்திருந்தாலும் பழைய வண்ணத்தின் மேல் புதிதாகப் பூசாமல் விடுவதையே அவர்கள் விரும்புகிறார்கள்.