நகை யாருடையது? பால் கிளேயின் நீர்வண்ணச் சிற்றோவியங்கள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜெர்மானிய ஓவியர் பால் கிளே (1879–1940) நீர்வண்ணத்தாலும் மையாலும் படைத்த சிற்றோவியங்கள் பெரும்பாலும் ‘குழந்தைத்தன்மை வாய்ந்தவை’ என்னும் ஒற்றை மதிப்பீட்டுக்குள் அடக்கப்படுகின்றன. அவரைப் போற்றியோரும் பழித்தோரும் இம்மதிப்பீட்டையே கையாண்டுள்ளனர். படத்தில் தோன்றும் பேதைமையைப் படைத்தவரின் பேதைமையாகக் கொள்ளும் பிழையே இதற்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை ‘கீச்சிடும் எந்திரம்’ (1922) என்னும் ஓவியத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பால் கிளே, நீர்வண்ணம், நகை, மெய்ப்பாடு, எள்ளல், மடன், பதிகோடு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தில் பெரிய திரைச்சீலைகளைக் கொண்டு பெயர் பெற்றோர் பலர். கிளேயின் புகழ் அத்தகையதன்று. மேசைமேல் வைத்துத் தீட்டக்கூடிய தாள்களே அவருடைய களம். ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ள அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி தாளில் அமைந்தவை. குச்சிக்கால் பறவைகள், தலை பெருத்த தேவதைகள், கயிற்றில் நடக்கும் மனிதர்கள், முகம்கொண்ட நிலவுகள் முதலியவை அவற்றில் இடம்பெறுகின்றன. காண்போர் முதலில் முறுவலிக்கின்றனர். அம்முறுவலோடு பார்வையை முடித்தும் கொள்கின்றனர்.

அம்முறுவல் எதனால் எழுகிறது, எதை நோக்கி எழுகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்பட வேண்டியவை. அவை எழுப்பப்படாதவிடத்து ‘வேடிக்கையான படம்’ என்பது விளக்கமாக அமைவதில்லை. விளக்கத்தைத் தவிர்க்கும் வழியாகவே அமைகிறது.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் அடியாகத் தோன்றும் என்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் இந்நான்கையும் தன்னிடத்துத் தோன்றுவன, பிறரிடத்துத் தோன்றுவன என மேலும் பகுத்து நோக்குகிறார். பேதைமை அறிவின்மை, மடன் பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்னும் வேறுபாடும் அவ்வுரையால் தெளிவாகிறது.

இவ்விலக்கணத்துக்கும் கிளேக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. அத்தகைய தொடர்பு இங்குக் கோரப்படவும் இல்லை. நகையை ஒரே உணர்ச்சியாகக் கொள்ளாமல் அதன் பிறப்பிடங்களைப் பிரித்தறியும் முறை தமிழ்த் திறனாய்வுக்கு வாய்த்திருக்கிறது என்பதே இதனைக் கருவியாகக் கொள்வதற்குக் காரணம். ‘குழந்தைத்தன்மை’ என்னும் மதிப்பீடு நகையை இளமை, பேதைமை ஆகிய இரண்டனுள் அடக்கிவிடுகிறது. அவற்றையும் ஓவியரிடத்தே வைத்துவிடுகிறது. எஞ்சிய எள்ளலும் மடனும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

‘கீச்சிடும் எந்திரம்’

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இவ்வோவியம் ஏறத்தாழ 41 × 30 செ.மீ. அளவுள்ள தாளில் அமைந்து, அட்டையில் ஒட்டப்பட்டது. நீலமும் இளஞ்சிவப்பும் ஒன்றில் ஒன்று கரையும் நீர்வண்ணப் பின்னணியில், மெல்லிய கருங்கோடுகளால் ஆன நான்கு பறவைகள் ஒரு கம்பியின்மேல் நிற்கின்றன. உடல்கள் கோடாகக் குறுகியுள்ளன. தலைகளும் திறந்த அலகுகளுமே எடுப்பாகத் தெரிகின்றன. அலகுகளிலிருந்து கூரிய, வளைந்த வடிவங்கள் நீண்டு நிற்கின்றன. அவை நாக்கா, ஒலியா, தூண்டிற்கொக்கியா எனத் துணிய இயலவில்லை. கம்பியின் ஒரு முனையில் சுழற்றுவதற்கான கைப்பிடி உண்டு. அதைச் சுழற்றும் கை இல்லை. பறவைகளுக்குக் கீழே நீள்சதுரப் பள்ளம் போன்ற ஒன்று வரையப்பட்டுள்ளது.

முதற்பார்வையில் இது விளையாட்டுப் பொம்மை. கைப்பிடியைச் சுழற்றினால் பறவைகள் கீச்சிடும் எனக் காண்பவர் உடனே ஊகிக்கிறார். அடுத்த நொடியில் ஐயம் எழுகிறது. பறவையின் பாட்டு அதன் உயிரியல்பு. இங்கு அவ்வியல்பு கைப்பிடியின் வேலையாகிவிட்டது. பறவைகள் கம்பியில் அமர்ந்திருக்கின்றனவா, கம்பியோடு பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கோடு வெளிப்படையாகக் கூறவில்லை. பறக்க வேண்டியவை நின்ற இடத்திலேயே நின்று, சுழற்றுபவர் விரும்பும்போது பாட வேண்டிய நிலையில் உள்ளன.

இப்பறவைகளிடத்துத் தோன்றுவது மடன் எனலாம். புகட்டப்பட்டதை விடாது பற்றியிருக்கும் நிலை அவற்றின் உருவிலேயே தெரிகிறது. அந்நிலையை உண்டாக்கிய எந்திரத்தின்மீது ஓவியம் செலுத்துவது எள்ளல். பாட்டைப் பெருக்கித் தருவதாகக் கூறும் கருவி பாடுபவரைக் கம்பியாக்கிவிடுகிறது. கைப்பிடி காலியாக இருத்தலின், எள்ளல் காண்பவரையும் தொடுகிறது. அதைச் சுழற்றிப் பார்க்கும் ஆவல் முறுவலித்தவருக்கே முதலில் எழுகிறது. நகை இங்குப் பிறரிடத்தும் தன்னிடத்தும் ஒருங்கே நிகழ்கிறது.

கிளே இசைக் குடும்பத்தில் பிறந்தவர். தேர்ந்த வயலின் கலைஞர். இசை எந்திரமாவதன் பொருளை அவர் அறியாதவர் அல்லர்.

செய்முறை என்னும் சான்று

இக்கோடுகள் தற்செயலாக வந்தவை அல்ல என்பதற்குச் செய்முறையே சான்று. கிளே 1919 முதல் கையாண்ட பதிகோட்டு முறையில், முதலில் ஒரு தாளில் படம் வரையப்படும். பின்னர் ஒரு பக்கம் கருநிற எண்ணெய்வண்ணம் பூசிய தாளைப் புதிய தாளின்மேல் கவிழ்த்து, அதன்மேல் முதற்படத்தை வைத்து, கூரிய கருவியால் கோடுகள் மீள இழுக்கப்படும். அடித்தாளில் கோடு சற்றே கரகரத்துப் பதியும். கை அழுந்திய இடங்களில் கறை படரும். அதன்பின் நீர்வண்ணம் இடப்படும். எண்ணெய்க்கோடு நீரில் கரையாதாகையால் நிறம் படர்ந்தபோதும் கோடு நிலைத்து நிற்கும். குழந்தையின் நடுங்கும் கோடாகத் தோன்றுவது, ஒருமுறை வரைந்து மறுமுறை பதித்துப் பெறப்பட்ட கோடு.

‘கீச்சிடும் எந்திர’த்துக்கு 1921ஆம் ஆண்டின் பேனாச் சித்திரம் ஒன்று மூலமாக உள்ளது. அதன் தலைப்பு ‘கிளைமேல் இசைநிகழ்ச்சி’ என்னும் பொருளுடையது. கிளையில் நிகழும் கச்சேரி மறு ஆண்டில் எந்திரத்தின் கீச்சொலி ஆயிற்று. கேலியின் கூர்மை இத்தலைப்பு மாற்றத்தில் புலப்படுகிறது.

1911 முதல் கிளே தம் படைப்புகளுக்குத் தம் கையாலேயே பட்டியல் எழுதி வந்தார். ஆண்டு, வரிசை எண், தலைப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. இவ்வோவியம் 1922ஆம் ஆண்டின் 151ஆம் எண்ணுடையது. தம் குழந்தைப் பருவப் படங்கள் சிலவற்றையும் அவர் அப்பட்டியலில் சேர்த்திருந்தார். குழந்தையாகவே இருக்கும் ஒருவருக்குக் குழந்தைப் படங்களைத் தேர்ந்து எண்ணிடும் தேவை எழாது. குழந்தைமையை விலகி நின்று ஆராயும் பார்வையையே அச்செயல் காட்டுகிறது.

ஒரே மதிப்பீடு, இரு பயன்பாடுகள்

இக்கருத்துக்கு எதிராக ஒரு சான்றைக் காட்டலாம். 1912இல் ‘நீலக் குதிரைவீரன்’ குழுவின் கண்காட்சி குறித்து எழுதிய மதிப்புரையில், குழந்தைகளின் படங்களையும் மனநோயாளரின் படங்களையும் கலையின் தொடக்கங்களாகக் கருதி மதிக்க வேண்டும் என்று கிளேயே வாதிட்டார். ஆயின் அவ்வாதம் அவற்றிலிருந்து கற்றுக்கொள்வது பற்றியது. அவையாகவே ஆகிவிடுவது பற்றியது அன்று. 1921 முதல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்து, 1925இல் ‘கற்பித்தல் குறிப்பேடு’ என்னும் நூலாகக் கோட்டின் இயக்கத்தை வகைப்படுத்தி விளக்கியவர் கற்றதை முறைப்படுத்தவும் அறிந்தவர்.

இவ்வேறுபாட்டை அழித்தவர்கள் நாஜி ஆட்சியாளர். 1933இல் கிளே டூசல்டார்ஃப் கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டு சுவிட்சர்லாந்து திரும்பினார். 1937இல் ஜெர்மன் பொதுத் தொகுப்புகளிலிருந்து அவருடைய 102 படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. 17 படைப்புகள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்னும் பெயரில் இகழ்ச்சிக்காகக் காட்சிப்படுத்தப்பட்டன. அக்கண்காட்சியின் வழிகாட்டி நூல் கிளேயின் படத்தை மனநோயாளரின் படத்துக்கு அருகில் அச்சிட்டது. பெர்லின் தேசியக் காட்சிக்கூடத்தின் உடைமையாக இருந்த ‘கீச்சிடும் எந்திர’மும் பறிமுதலுக்கு உள்ளாகி, 1939இல் நியூயார்க் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டது.

படத்தின் பேதைமை ஓவியரின் பேதைமையே என்பது அவ்வழிகாட்டி நூலின் வாதம். கிளேயைக் ‘களங்கமற்ற குழந்தையுள்ளம்’ எனக் கொண்டாடும் பாராட்டும் அதே எடுகோளின்மீதுதான் நிற்கிறது. ஒன்று பகையால் கூறப்படுவது, மற்றொன்று அன்பால் கூறப்படுவது. இவ்விரண்டின் நோக்கத்தையும் விளைவையும் சமப்படுத்தல் தகாது. எனினும், ஓவியரின் அறிவை மறுக்கும் பாராட்டு அவரை அப்பழிப்பிலிருந்து காக்கும் வலிமையற்றது.

நகையை நீக்கும் வாசிப்பு

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ‘ஆஞ்செலுஸ் நோவுஸ்’ (1920) இதே முறையில் ஆக்கப்பட்ட, 31.8 × 24.2 செ.மீ. அளவே உள்ள ஓவியம். அதனை 1921இல் விலைக்கு வாங்கிய வால்டர் பெஞ்சமின், 1940இல் வரலாறு பற்றி எழுதிய குறிப்புகளில் அவ்வுருவை அழிவுகளைக் கண்டவாறு எதிர்காலத்துக்குள் தள்ளப்படும் வரலாற்றின் தேவதையாகக் கண்டார். அவ்வாசிப்பின் ஆழம் மறுக்கற்பாலது அன்று. ஆயினும் அதற்குப்பின் ஓவியத்தைக் காண்போர் பலர், சுருட்டிய தாள்போன்ற முடியையும் இடைவெளி விட்ட பற்களையும் பறவைக்கால்களையும் காணத் தவறுகின்றனர். வரலாற்றைச் சுமக்கும் தேவதை நகைப்புக்குரிய உடலோடு நிற்பதில்தான் ஓவியத்தின் துயரம் கூர்மை பெறுகிறது. நகையை நீக்கினால் அத்துயரமும் பொதுப்படையானதாகிவிடும்.

இவ்வெச்சரிக்கை ‘கீச்சிடும் எந்திர’த்துக்கும் பொருந்தும். பிற்கால வரலாற்றை அறிந்தவர் இதனைச் சர்வாதிகாரத்தின் முன்னறிவிப்பாகக் கூற முற்படலாம். 1922இல் தீட்டப்பட்ட படத்தில் 1933ஐ ஏற்றிக் காண்பதற்கு ஓவியத்தில் சான்றில்லை. இயல்பு எந்திரமாவதைக் குறித்த எள்ளலே அங்கு உள்ளது. அதற்கு மேலும் ஏற்றுவது தேவையற்றது.

அளவும் இயக்கமும்

சிற்றளவு இவ்வெள்ளலுக்கு உறுதுணை. பெரிய திரைச்சீலை தொலைவில் நின்று காணப்படுவது. சிறு தாளுக்கு அருகில் சென்று குனிய வேண்டும். குனிந்தவர் எதிர்பார்ப்பது இனிமை. பெறுவது காலியான கைப்பிடி. தாள் எளிதில் பயணப்படுவதும் ஆகும். ‘கீச்சிடும் எந்திரம்’ தோன்றிய அதே 1922ஆம் ஆண்டின் டிசம்பரில், கல்கத்தாவில் இந்திய கீழைக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகளோடு கிளேயின் படைப்புகளும் இடம்பெற்றன. மாநிலங்கள் கடந்தும் கடல் கடந்தும் செல்ல அவற்றுக்கு ஒரு பெட்டி போதுமானதாக இருந்தது.

முடிவுரை

கிளேயின் சிற்றோவியங்களில் நகை உண்டு. அது இளமையின் தோற்றத்தோடு வருவதும் உண்மை. தோற்றத்தைப் பிறப்பிடமாகக் கொள்வதே திறனாய்வில் நேரும் பிழை. ‘கீச்சிடும் எந்திர’த்தில் மடன் பறவைகளுக்கு உரியது, எள்ளல் ஓவியருக்கு உரியது, நாணம் காண்பவருக்கு உரியது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் ‘குழந்தைத்தன்மை’ என்று கூறுவது, நான்கு நிலைக்களன்கள் உள்ள நகையை ஒன்றாகச் சுருக்குவதாகும். வேடிக்கையான சிறுபடங்களைத் தீட்டும் பிற ஓவியர்களை மதிப்பிடுமிடத்தும், நகை யாருடையது, யார்மீது எழுகிறது என்னும் வினாக்கள் அளவையும் அழகையும் பற்றிய வினாக்களுக்கு முற்பட எழுப்பப்பட வேண்டியவை.