கட்டற்ற தளமும் கட்டண விளையாட்டும்

பெங்களூரில் என் வீட்டுக் கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். கல்லூரி விடுமுறைக்கு வந்த அக்கா மகன் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இதுல கேம் ஓடுமா?" பி.சி. குவெஸ்ட் இதழோடு வந்த குறுந்தட்டில் லினக்ஸ் பழகிய நாள் தொட்டு இதே கேள்விதான். அன்றைக்கு "ஓடாதுப்பா" என்பேன். இன்றைக்கு "பெரும்பாலும் ஓடும்" என்கிறேன். ஆனாலும் அதை முழு வெற்றியாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

1998இல் கலிபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர், பிறர் செய்த விளையாட்டுகளின் நிரலை லினக்ஸுக்கென்றே மாற்றி எழுதி, பெட்டியில் அடைத்து விற்றது. 1999இல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' முதலில் வந்தது. 'ரெயில்ரோடு டைகூன் 2', 'குவேக் 3' போன்றவை தொடர்ந்தன. 2001 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரி, 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள்.

"லினக்ஸ்காரன் காசு கொடுக்க மாட்டான்" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. 2010இல் விரும்பிய விலை கொடுத்து வாங்கும் 'ஹம்பிள் இண்டி பண்டில்' வந்தபோது, விண்டோஸ்காரர்களைவிட லினக்ஸ்காரர்கள் கொடுத்த சராசரித் தொகையே அதிகம். லோக்கியின் நோய் வேறு. விண்டோஸ் பதிப்பு வந்து பல மாதம் கழித்து லினக்ஸ் பதிப்பு வரும். ஆசைப்பட்டவன் அதுவரை காத்திருப்பானா? அதே கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு அங்கே வாங்கி ஆடி முடித்திருப்பான்.

பிறகு வால்வ் நிறுவனம் வந்தது. 2013இல் அதன் ஸ்டீம் கடை லினக்ஸுக்கு வந்தும், விளையாட்டு செய்பவர்களில் சிலரே லினக்ஸுக்காக எழுதினார்கள். 2015இல் ஸ்டீம் மெஷின் எனும் கணினிகளும் விலைபோகவில்லை. 2018 ஆகஸ்டில் வால்வ் வழியை மாற்றியது. 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மீது 'புரோட்டான்' கட்டப்பட்டது. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு கேட்பதையெல்லாம் அது லினக்ஸிடம் வாங்கித் தருகிறது. டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றுகிறது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கருவி ஓடுவதும் இதனால்தான்.

இலக்கியக் கூட்டங்களில் மூலமே உசத்தி, மொழிபெயர்ப்பு மட்டம் என்போம். இங்கே கதை தலைகீழ்! லினக்ஸுக்கென்றே எழுதிய பழைய விளையாட்டுகள் பல, அவை நம்பியிருந்த நூலகங்கள் மாறிப்போனதால் இன்று லேசில் ஓடுவதில்லை. மூலநிரல் பூட்டிக் கிடப்பதால் வேறொருவர் செப்பனிடவும் வழியில்லை. அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்போ பல நேரம் வைன் வழியே ஓடிவிடுகிறது. வைனின் மூலநிரல் திறந்திருக்கிறது. யாராவது ஒருவர் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே மொழிபெயர்ப்பின் மீது எனக்குக் குறையில்லை.

குறை குடியிருப்பு பற்றியது. 'அபெக்ஸ் லெஜண்ட்ஸ்' லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்று ஆட்டக்காரர்களைக் காரணம் காட்டி 2024இல் ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் காசு போட்டவர்கள் இனி விண்டோஸுக்குத்தான் போகவேண்டும். நாம் வாங்குவது பொருளல்ல, உரிமம் மட்டுமே என்று 2024 அக்டோபர் முதல் ஸ்டீம் கடையே பணம் கட்டும் இடத்தில் எழுதிக் காட்டுகிறது. வீட்டுக்காரர் காலி செய் என்றால் காலி செய்யவேண்டியதுதான்; வாடகைக்கு இருக்கும் நமக்கு விளக்கவா வேண்டும்.

காசுக்கு விற்பதே தவறு என்னும் தீவிரக் கட்சியிலும் நான் இல்லை. ஐடி சாஃப்ட்வேர் 1993இல் 'டூம்' விளையாட்டை வெளியிட்டு, போதுமான அளவு விற்றபின் 1997இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. படங்கள், ஒலிகள், களங்கள் தொடர்ந்து விற்பனைக்கே. அச்சுயந்திரத்தைப் பொதுவாக்கிவிட்டுப் புத்தகத்தை மட்டும் விற்பது போல. எனக்குத் தெரிந்தவரை நேர்மையான ஒப்பந்தம் அதுதான். தோற்ற லோக்கிகூட வெறுங்கையோடு போகவில்லை. அதன் தலைமை நிரலர் சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கி அங்கே வளர்த்த எஸ்.டி.எல். நூலகம் கட்டற்றது, வால்வ்கூட அதைப் பயன்படுத்துகிறது.

அக்கா மகனுக்கு டூம் போட்டுக் கொடுத்தேன். "கிராபிக்ஸ் ரொம்பப் பழசு மாமா" என்றான். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை.