சூழலுக்கும் காலம் உண்டு: தாந்தேயும் அப்பரும்

ஓர் இலக்கியத்தை அது தோன்றிய சமூக வரலாற்றுச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும் என்பது ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் நன்கு வேரூன்றிய கொள்கையாகும். பேராசிரியர் க. கைலாசபதி 1966 இல் வெளிவந்த ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலில், நாயன்மாரின் பக்தி இயக்கத்தை வணிக வர்க்கத்துக்கும் நிலவுடைமை வர்க்கத்துக்கும் இடையிலான முரண்பாட்டின் அடியாக விளக்கினார். தேவாரத்தைச் சமய உணர்வின் வெளிப்பாடாக மட்டுமே கண்டோருக்கு அது புதிய பார்வையை அளித்தது. ஆயின் ‘சூழல்’ எனப்படுவது எக்காலத்துச் சூழல், அதனை அறிவிப்பவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயை அப்பரோடு ஒப்புநோக்கின் இவ்வினாக்களின் முக்கியத்துவம் புலனாகும்.

தாந்தே 1265 இல் புளோரன்ஸ் நகரிற் பிறந்தவர். கம்பளி வாணிகத்தாலும் வட்டித்தொழிலாலும் செழித்த அந்நகரம் 1252 முதல் தனக்கெனப் பொன் நாணயம் வெளியிட்டது. நகராட்சிப் பொறுப்பிலும் பங்குகொண்ட தாந்தே, கட்சிப் பூசலில் தோல்வியுற்ற அணியைச் சேர்ந்தவராதலின் 1302 இல் நாடுகடத்தப்பட்டார். பிடிபட்டால் எரித்துக் கொல்லப்பட வேண்டும் என்ற தீர்ப்பும் அவ்வாண்டிலேயே எழுதப்பட்டது. நகருக்குத் திரும்பாமலே 1321 இல் இராவென்னாவில் அவர் இறந்தார். அவரது ‘கொமேதியா’ காவியத்தின் நரகப் பகுதியிலே வட்டித்தொழில் புரிந்தோர், தத்தம் குடும்பச் சின்னம் பொறித்த பணப்பையைக் கழுத்திற் சுமந்தவாறு வருந்துகின்றனர். புளோரன்சின் வரலாற்றை அறியாதார்க்கு இது வெறுங் கற்பனை. அறிந்தார்க்கோ அந்நகரின் செல்வத்தின் மீது கவிஞர் வழங்கிய தீர்ப்பு. இங்கே கவிதையும் சான்றும் ஏறத்தாழ ஒரே காலத்தவை.

அப்பரின் நிலை வேறு. ஏழாம் நூற்றாண்டினரான அவர், தாம் சமணரோடு இருந்ததையும் நோயுற்றதையும் பதிகங்களிலேயே குறிப்பிடுகின்றார். ஆயின் அரசன் அவரை நீற்றறையில் இட்டதும், யானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தியதுமாகிய நிகழ்ச்சிகளைத் தொடர் வரலாறாக அமைத்துத் தந்தவர் சேக்கிழார். அவரோ சோழப் பேரரசில் வாழ்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்வரசனை முதலாம் மகேந்திரவர்மன் எனக் கொள்வதும் பிற்கால ஆய்வாளரின் முடிபே. எனவே பெரியபுராணச் செய்திகளை ஏழாம் நூற்றாண்டின் நேரடிச் சான்றுகளாகக் கொண்டு தேவாரத்தை விளக்குவோர், தம்மை அறியாமலே சோழர் காலத்துக் கண்களாற் பல்லவர் காலத்தைக் காண்கின்றனர்.

தாந்தே ஆய்விலும் இவ்விடர் இல்லாமலில்லை. அவரது வாழ்க்கையை விரிவாக எழுதிய பொக்காச்சியோ, கவிஞர் இறந்தபோது சிறுவராயிருந்தவர். கவிஞரை விரட்டிய அதே நகரம் 1373 இல் அவரது காவியம் பற்றிப் பொதுமக்களுக்கு விரிவுரை நிகழ்த்தப் பொக்காச்சியோவை அமர்த்தியது. காவியத்தின் பெயரோடு ‘தெய்விக’ என்னும் அடைமொழி அச்சிற் சேர்ந்ததும் 1555 ஆம் ஆண்டின் வெனிஸ் பதிப்பிலேயாகும். தமிழ்நாட்டிலும் இதற்கொப்பான மாற்றத்தை அவதானிக்கலாம். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் ஓத முதலாம் இராசராசன் 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு கூறும். ஓர் அரசு ஒறுத்ததாகக் கூறப்படும் அடியாரின் மரபை மற்றோர் அரசு தன் பெருமைக்கு அணியாக்கிக் கொண்டது.

ஆகவே பாடல் பிறந்த சூழலும் பாடல் போற்றப்பட்ட சூழலும் வேறுபிரித்து அறியப்படல் வேண்டும். இது பக்திக்கு இழுக்காகாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆலயங்களில் இன்றும் தேவாரம் ஓதப்படுகின்றது. ஓதுவோர் உள்ளத்தில் நிற்பவர் சேக்கிழார் காட்டிய அப்பரே. அந்த அப்பரும் வரலாற்றுக்கு உரியவரே. ஆயின் அவர் ஏழாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியவரல்லர். கவிதையின் காலத்தைக் கணிப்பதிற் கொள்ளும் கவனத்தை, அதன் சூழலைக் கூறும் சான்றின் காலத்தைக் கணிப்பதிலும் திறனாய்வாளர் கொள்ளுதல் அவசியம். இன்றேல் வரலாற்று நோக்கு எனப் பெருமையுடன் கூறப்படுவது, பழைய புராணத்தைப் புதிய கலைச்சொற்களில் மீளச் சொல்வதாகவே முடியும்.